எட்டு வயது மகனை ட்ரிபிள் ஏ ஹொக்கி அணியில் சேர்ப்பதா? பணமும் பயிற்சியும் பற்றி ஓர் ஐயம்

கேள்வி: ஸ்காபரோ அப்பா

வணக்கம். எங்கள் மகனுக்குக் கடந்த நவம்பரில் எட்டு வயது நிறைந்தது. இரண்டு குளிர்காலங்களாக வீட்டுக்கு அருகிலுள்ள அரினாவில் ஹவுஸ் லீக் (விரும்பும் பிள்ளைகள் எல்லோரும் சேரக்கூடிய உள்ளூர் ஐஸ் ஹொக்கி) விளையாடி வருகிறான். எனக்கோ மனைவிக்கோ ஸ்கேற் சப்பாத்தின் கயிற்றை ஒழுங்காகக் கட்டக்கூடத் தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் பார்த்த பனிக்கட்டி, கூல்பாரில் சர்பத்துக்குள் மிதந்ததுதான்.

சென்ற வாரம் ஆட்டம் முடிந்த பின் ஒரு பயிற்றுநர் எங்களிடம் வந்து, பிள்ளையின் கால் வேகம் நன்றாக இருப்பதாகவும், வசந்தகாலத் தேர்வுக்கு அழைத்து வருமாறும், பத்து வயதுக்குள் ட்ரிபிள் ஏ என்ற மிக உயர்ந்த நிலைச் சிறுவர் அணியில் சேராத பிள்ளை பின்னர் மற்றவர்களை எட்டிப் பிடிப்பது கடினம் என்றும் சொன்னார். பருவக் கட்டணம் மட்டும் ஏழாயிரம் டொலருக்கு மேல் வரும் என்கிறார். தனிப்பட்ட ஸ்கேற்றிங் வகுப்பு, கோடைகால முகாம், வெளியூர்ப் போட்டிகளின் விடுதிச் செலவு ஆகியவற்றைச் சேர்த்தால் என் கணக்குப்படி பன்னிரண்டாயிரத்தைத் தாண்டுகிறது. நான் கிடங்கில் இரவு வேலை செய்கிறேன், மனைவி முதியோர் இல்லத்தில் பணிபுரிகிறார். மேலதிக வேலை செய்தால் ஓராண்டு சமாளிக்கலாம், ஆனால் ஏழெட்டு ஆண்டுகள் தொடர முடியுமா என்று தெரியவில்லை.

இந்த விளையாட்டில் மேலே போகும் பிள்ளைகளை உருவாக்குவது பெற்றோரின் பணமா, சிறு வயதுப் பயிற்சியா? இப்போது விட்டுவிட்டால் கதவு உண்மையிலேயே மூடிவிடுமா? அனுபவமுள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற ஹொக்கி அப்பா

தம்பி, என் மூத்த மகன் பதினாறு வயதுவரை ட்ரிபிள் ஏ விளையாடியவன் என்பதால் எழுதுகிறேன். இப்போது அவன் பொறியியல் படிக்கிறான். வெள்ளி இரவுகளில் நண்பர்களோடு விளையாடுவதோடு சரி.

பணம் எதை வாங்குகிறது என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். கால்பந்துக்கு ஒரு பந்தும் ஒரு வெளியும் போதும். ஹொக்கிக்கோ பனித்தளம் வேண்டும், அதைக் குளிரூட்டும் இயந்திரம் வேண்டும், மாலை நேரத்தில் அதை வாடகைக்கு எடுக்க மணிக்குப் பல நூறு டொலர் வேண்டும். அந்த வாடகையைப் பதினாறு, பதினேழு குடும்பங்கள் பங்கிடுகின்றன. அதற்கு மேல் பயிற்றுநரின் சம்பளமும், போட்டி ஏற்பாட்டாளர் குறிப்பிட்ட விடுதியில் மட்டுமே தங்க வேண்டும் என்ற நிபந்தனையும் வருகின்றன. அந்த நிபந்தனையை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். உறவினர் வீடு பத்து நிமிடத் தூரத்தில் இருக்க, நாங்கள் விடுதி அறைக்குப் பணம் கட்டியிருக்கிறோம். ஆகவே பணத்தால் திறமையை நேரடியாக வாங்க முடியாது, பனியில் நிற்கும் நேரத்தைத்தான் வாங்க முடியும். உங்கள் மகனின் வயதில் அந்த நேரத்தை மலிவாகவும் பெறலாம்.

என்எச்எல் என்ற வட அமெரிக்கத் தொழில்முறை ஹொக்கி லீக்கில் விளையாடிய பி. கே. சுபானின் தந்தை கார்ல், ஜமெய்க்காவிலிருந்து சிறுவனாகக் கனடாவுக்கு வந்து இங்கே பள்ளி அதிபரானவர். மகன் பாலர் வகுப்பில் இருந்த காலத்தில் அவர் இரண்டு வேலை பார்த்தார். பிள்ளையைப் பனிக்கால உடுப்போடேயே படுக்கவைத்து, வேலை முடிந்து இரவு பத்து மணிக்குப் பின் எழுப்பி, ரொறன்ரோ நகரசபைக்கு முன்னாலுள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தின் திறந்தவெளித் தளத்துக்கு அழைத்துச் சென்று ஸ்கேற் பண்ண விட்டார். பிள்ளைக்கு வகுப்பு பிற்பகலில் என்பதால் காலையில் தூங்க முடிந்தது. அந்தத் தளத்தில் நுழைவுக் கட்டணம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அவருடைய மூன்று ஆண் பிள்ளைகளையும் என்எச்எல் அணிகள், இளம் வீரர்களை முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தெரிவில் எடுத்தன. இதைச் சொல்வதால் எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று எண்ண வேண்டாம். எட்டு வயதில் தேவைப்படுவது கால் பழகுவதுதான் என்பதற்காகச் சொல்கிறேன். என் அனுபவத்தில், முதல் மூன்று ஆண்டுகள் ட்ரிபிள் ஏக்குக் கட்டிய பணத்தின் பெரும்பகுதி வீண்.

பதில்: அரைத்தளப் பயிற்றுநர்

சிறுவர் அணிகளுக்குத் தன்னார்வமாகப் பயிற்சி கொடுப்பவன் நான். நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட ஒன்று, அதாவது மகன் நவம்பரில் பிறந்தவன் என்பது, இங்கே மிக முக்கியமானது.

கனடாவில் வயதுப் பிரிவு ஜனவரி முதலாம் திகதியிலிருந்து கணக்கிடப்படுகிறது. உங்கள் மகனோடு தேர்வுக்கு நிற்கும் ஜனவரிப் பிள்ளை பத்து மாதம் மூத்தவன். எட்டு வயதில் பத்து மாதம் என்பது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. உயரமும் பலமும் கூடிய அந்தப் பிள்ளையைப் பயிற்றுநர் "திறமைசாலி" என்று எடுக்கிறார், அவனுக்குக் கூடுதல் பயிற்சி கிடைக்கிறது, அடுத்த ஆண்டு அவன் மெய்யாகவே திறமைசாலியாகி விடுகிறான். 1980களில் அல்பேர்ட்டாவின் லெத்பிரிட்ஜில் உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் மனைவியும் ஒரு ஹொக்கி ஆட்டத்துக்குப் போனபோது, நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருந்த வீரர்களின் பிறந்த திகதிகளில் பெரும்பாலானவை ஆண்டின் முதல் மாதங்களில் விழுவதைக் கவனித்தவர் மனைவிதான். பார்ன்ஸ்லி அதை ஆய்வாக்கினார். இதற்கு மறுபக்கமும் உண்டு. ரொபேர்ட் டீனரும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆண்டின் பிற்பகுதியில் பிறந்து என்எச்எல் தெரிவு வரை தாக்குப்பிடித்தவர்கள், தாங்கள் தெரிவான இடத்தை வைத்து எதிர்பார்க்கப்பட்டதைவிட நன்றாகவே விளையாடியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் மகனை இந்த வசந்தத்தில் ஓர் அணி எடுக்காவிட்டாலும், அவனுடைய கால்களைப் பற்றி அது எதையும் சொல்லிவிடாது.

பத்து வயதுக்குள் தவறவிட்டால் பிடிக்க முடியாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. கிங்ஸ்ரனிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் கோத்தே இத்துறையில் நீண்டகாலம் உழைத்தவர். மைக்கல் வோலும் அவரும் 2007இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், உயர்மட்டச் சிறுவர் ஹொக்கியிலிருந்து விலகியவர்கள், தொடர்ந்து விளையாடியவர்களைவிட இளம் வயதிலேயே தளத்துக்கு வெளியேயான உடற்பயிற்சிகளைத் தொடங்கியிருந்தார்கள் என்றும், 12, 13 வயதில் அவற்றுக்குக் கூடுதல் நேரம் செலவிட்டார்கள் என்றும் கண்டார்கள். ஹொக்கி கனடாவும் சின்னஞ்சிறு பிள்ளைகளை முழுத்தளத்தில் ஓடவிடும் பழக்கத்தைக் கைவிட்டு, 2019–20 பருவத்திலிருந்து ஒன்பது வயதுக்குட்பட்ட பிரிவிலும் அரைத்தள ஆட்டத்தைக் கட்டாயமாக்கியது. இடம் சுருங்கினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் வட்டு) அடிக்கடி கிடைக்கும், திரும்பித் திரும்பி ஓட வேண்டி வரும். பெற்றோர் பலர் அதை எதிர்த்தார்கள்; முழுத்தளம்தான் "உண்மையான ஹொக்கி"யாம்.

என் யோசனை இதுதான். வாரத்தில் ஒரு ஸ்கேற்றிங் வகுப்பு, ஹவுஸ் லீக் அல்லது சிங்கிள் ஏ (ட்ரிபிள் ஏக்குக் கீழான நிலை), கோடையில் மட்டையைத் தூக்கி வைத்துவிட்டு நீச்சலோ கால்பந்தோ.

பதில்: மாற்றுக் கருத்துக்காரி

மேலே எழுதிய இருவரும் சொல்வது எட்டு வயதுக்குச் சரி. ஆனால் அதைப் படித்துவிட்டு, "பணம் பெரிய விடயமில்லை" என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஒன்ராறியோவில் ஆண் பிள்ளைகளுக்கான உண்மையான வாசல் ஓஎச்எல் (ஒன்ராறியோ ஹொக்கி லீக் என்ற இளையோர் லீக்) தெரிவு, அது 15, 16 வயதில் வருகிறது. அணிகளின் தேடுநர்கள் பெரும்பாலும் ட்ரிபிள் ஏ ஆட்டங்களுக்குத்தான் போகிறார்கள். அங்கே இல்லாத பிள்ளை எவ்வளவு நன்றாக விளையாடினாலும் கண்ணில் படுவது அரிது. நம் ஸ்காபரோவில் பிறந்த வெய்ன் சிமண்ட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரிபிள் ஏக்குக் கட்டக் குடும்பத்தில் வசதியில்லாததால் கீழ்நிலை அணிகளில் விளையாடினார், 2006இல் தெரிவாகும் தகுதி இருந்தும் எந்த என்எச்எல் அணியும் அவரை எடுக்கவில்லை, அடுத்த ஆண்டுதான் லொஸ் ஏஞ்சலிஸ் 61ஆவது வீரராக எடுத்தது. பின்னர் ஆயிரம் ஆட்டங்களைத் தாண்டினார். இந்தக் கதையைக் கேட்டு எல்லோரும் மகிழ்கிறோம். அவரைப் போலச் சுற்றுவழி கிடைக்காமல் பதினைந்து வயதில் நின்றுபோனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது, அதனால் அவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

புகழ்பெற்ற ஹொக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியின் தந்தை தொலைபேசிக் கம்பனித் தொழிலாளி என்பதும், பிரான்ற்ஃபோர்ட் வீட்டின் பின்வளவில் அவர் தண்ணீர் ஊற்றித் தளம் அமைத்தார் என்பதும் எல்லோரும் சொல்லும் கதை. அதற்குப் பின்வளவு வேண்டுமே! பதினான்காம் மாடியில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் எங்கே தண்ணீர் ஊற்றுவது?

ஆகவே இப்போது மிச்சம் பிடிக்கும் பணத்தைச் செலவழித்துவிடாதீர்கள். பன்னிரண்டு வயதில் அவனுக்கு ஆர்வமும் கால்களும் இருந்தால் அப்போது தேவைப்படும். புலமைப்பரிசில் கிடைக்கும் என்ற கணக்கில் மட்டும் இறங்க வேண்டாம். கல்விச் சேமிப்புத் திட்டத்தில் ஆண்டுக்கு 2500 டொலர் போட்டால் அரசாங்கம் நிச்சயமாக 500 டொலர் தரும். ஹொக்கியில் அப்படி எவரும் உறுதி தருவதில்லை.

கேள்வியாளரின் மறுமொழி: ஸ்காபரோ அப்பா

மூவருக்கும் மிக்க நன்றி. நவம்பர் விடயத்தை நான் ஒருபோதும் யோசித்ததில்லை. அவன் அணியிலேயே சிறியவனாக இருப்பதைப் பார்த்து, சாப்பாடு போதவில்லை என்று மனைவி கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

இன்று மாலை இருவரும் பேசினோம். வசந்தகாலத் தேர்வுக்கு இம்முறை போகவில்லை. வாரம் ஒரு ஸ்கேற்றிங் வகுப்பில் சேர்க்கிறோம், நான் வேலைக்குப் போகும் முன் இரண்டு மாலைகள் நகரசபையின் இலவசத் தளத்துக்கு அழைத்துப் போகிறேன். பன்னிரண்டு வயதுக் கணக்கை மறக்கவில்லை. அதற்கென்று மாதம் ஒரு சிறு தொகையை ஒதுக்கத் தொடங்குகிறோம். ஒரு சிறிய கேள்வி. ஸ்கேற்றைப் பழையதாக வாங்கலாமா? அடுத்த ஆண்டும் போடும்படி ஓர் அளவு பெரிதாக எடுக்கலாமா?

பதில்: ஓய்வுபெற்ற ஹொக்கி அப்பா

பழையது வாங்கலாம், பெரிதாக வாங்கக் கூடாது. சப்பாத்துக்குள் பாதம் அசைந்தால் கணுக்கால் வளையும், வகுப்புக்குக் கட்டிய காசு அங்கேயே போய்விடும். ஹொக்கி ஸ்கேற்றின் அளவு சாதாரணச் சப்பாத்தின் அளவைவிட ஒன்று, ஒன்றரை குறைவாகவே இருக்கும், ஆகவே எண்ணைப் பார்க்காமல் போட்டுப் பார்த்தே எடுங்கள். வாங்கியதும் அலகைத் தீட்டக் கொடுங்கள். காற்சட்டை, முழங்கால் கவசம் எல்லாம் பழையதாகவே இருக்கலாம். தலைக்கவசத்தை மட்டும் புதிதாக வாங்குங்கள்; பழையது எத்தனை முறை அடிபட்டது என்பது வெளியே தெரியாது.