மறு: பி.ஓ.டி. சென்சாருக்குத் தமிழ்ச்சொல்

வணக்கம்.

பி.ஓ.டி. என்பது நீரிலுள்ள கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற அளவு. அதை அளக்கும் சென்சாருக்கு ஐயா முன்வைத்த 'மாசறி கருவி' என்ற பெயர் சொல்ல எளிது, காதுக்கும் இதம். ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. கருவி என்ன செய்கிறது என்று பாருங்கள்.

ஆக்சிஜன் அளவை மின்னோட்டமாகக் காட்டும் மின்முனையின் நுனியில் ஒரு மெல்லிய சவ்வு. சவ்வில் உயிருள்ள நுண்ணுயிர்கள். கழிவுநீர் பட்டதும் அதிலுள்ள கரிமப் பொருளைத் தின்று வேகமாகச் சுவாசிக்கின்றன. மின்முனைக்கு வந்து சேரும் ஆக்சிஜன் குறைகிறது, மின்னோட்டம் இறங்குகிறது. குளுக்கோஸும் குளுட்டாமிக் அமிலமும் கலந்த, பி.ஓ.டி. முன்பே தெரிந்த திட்டக் கரைசலில் எவ்வளவு இறங்கியது என்று பார்த்து, அதோடு ஒப்பிட்டு பி.ஓ.டி.யைக் கணக்கிடுகிறோம். 1977இல் ஜப்பானில் கருபே என்ற ஆய்வாளரின் குழுவினர் செய்துகாட்டிய முறை இது; 1990இல் அந்நாட்டுத் தொழில்தரத்திலும் ஏறிவிட்டது. இந்தியத் தரமுறைப்படி பி.ஓ.டி. பார்க்க, நீர் மாதிரியை 27 டிகிரி செல்சியஸில் வைத்து 3 நாள் காத்திருக்க வேண்டும். இந்தக் கருவியில் கால் மணி, அரை மணியில் விடை கிடைக்கும். மூன்று நாள் கழித்து எண் வரும்போது அந்தத் தண்ணீர் ஆற்றில் எங்கோ போயிருக்குமே!

இப்போது ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் ஆலைக் கழிவை எடுத்துக்கொள்வோம். குரோமியம் மிகுந்தால் நுண்ணுயிர் செத்துவிடும், சுவாசம் நின்றுவிடும், எண் தாழ்ந்து காட்டும். 'மாசறி' என்று பெயர் ஒட்டிய பெட்டி அப்படிக் காட்டினால், சுத்திகரிப்பு நிலையத்தில் நிற்பவர் தண்ணீர் சுத்தம் என்றுதானே எடுத்துக்கொள்வார்? உப்பும் அதில் தெரியாது. எளிதில் சிதையாத சாயமும் தப்பிவிடும். இந்த ஆபத்தை நாம் பெயரிலேயே ஏற்றிவைக்கக் கூடாது.

பி.ஓ.டி. சென்சாரை அப்படியே மொழிபெயர்த்த 'உயிர்வேதி ஆக்சிஜன் தேவை உணரி' பாடநூலுக்குச் சரி. ஆய்வகத்தில் யாரும் அதை முழுசாகச் சொல்ல மாட்டார்கள், மறுபடி பி.ஓ.டி. மீட்டர்தான்.

என் பரிந்துரை: நுண்ணுயிர் மூச்சுணரி. பேச்சில் மூச்சுணரி. சென்சாருக்கு 'உணரி' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். எண் திடீரென்று இறங்கினால், தின்ன ஒன்றுமில்லையா, உயிரே போய்விட்டதா என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி எழ வேண்டும். குடித்துவிட்டு ஓட்டுவோரை ஊதச் சொல்லும் கருவியோடு குழம்புமே என்று சிலர் கேட்கலாம். ஆவணங்களில் 'நுண்ணுயிர்' முன்னால் நிற்கும், அது போதும்.

அப்புறம், சவ்வில் நுண்ணுயிரைப் பிடித்து வைப்பதற்கு (ஆங்கிலத்தில் immobilization) 'முடக்கல்' என்று சிலர் எழுதுகிறார்கள். முடங்கியது எப்படிச் சுவாசிக்கும்? 'நிலைநிறுத்தல்' என்று வைத்துக்கொள்ளலாமா? இதைவிடச் சிறியதாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.