புதுப்பிப்பு: மார்ட்டின் கவுண்டி சேற்றுக் குட்டைக்கு எப்படி அனுமதி கிடைத்தது?

நிலக்கரி கழுவிய சேற்றைப் பழைய சுரங்கத்துக்கு மேலே குட்டை கட்டித் தேக்குவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். "அதிகாரிகள் திட்டத்தைப் பரிசீலித்துத்தானே அனுமதி கொடுத்தார்கள்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி, அதனால் இந்தத் தொடர்ச்சி.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், மார்ட்டின் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) ஐனெஸ் ஊருக்குப் பக்கத்தில் இருந்த குட்டை அது. 1994லேயே ஒருமுறை சுரங்கத்துக்குள் கசிந்தது. குட்டையை நடத்திய சுரங்க நிறுவனம் கசிவை அடைக்கும் திட்டம் ஒன்றைக் கொடுத்தது, குட்டை தொடர்ந்து இயங்கியது. 2000 அக்டோபர் 11 அன்று அடித்தளம் உடைந்து, சுமார் 30 கோடி கேலன் சேறு சுரங்கத்துக்குள் இறங்கி, கோல்ட்வாட்டர் ஃபோர்க், உல்ஃப் கிரீக் ஓடைகள் வழியாக வெளியே கொட்டியது. உயிரிழப்பு இல்லை. ஆனால் குடிநீர் எடுப்பிடங்கள் பாழாயின.

முக்கியமான இடம் இதுதான்: குட்டைக்கும் சுரங்கத்துக்கும் நடுவே தோண்டாமல் விட்ட தடுப்பு எழுபது அடிக்கு மேல் இருப்பதாகக் காகிதத்தில் இருந்தது. விசாரணையில் தெரிந்தது இருபது அடிக்கும் குறைவு. பரிசீலனை நடந்தது வரைபடத்தை நம்பித்தான். துளையிட்டு அளந்து பார்க்காத தடுப்பை அனுமதிக்கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2002இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு அறிக்கையும் சுரங்க வரைபடங்களின் தரத்தை உயர்த்தச் சொன்னது. அப்புறம், கழிவுத் திட்டம் எதையாவது படிப்பவர்கள் முதலில் தடுப்பின் தடிமன் எப்படி அளக்கப்பட்டது என்று கேளுங்கள்.