பழைய ஐ5 கணினியில் கேம் ஆட எதை மாற்றலாம்?

பெருந்துறை:
வணக்கமுங்க. 2015-இல் வாங்கியது. ஐ5-4590 பிராசசர், 8 ஜிபி டிடிஆர்3 ராம், ஹார்டு டிஸ்க், 300 வாட் பவர் சப்ளை. தம்பி ஜிடிஏ 5 ஆட ஆசைப்படுகிறான். செலவு அளவாக இருக்கோணும்.

கோவை:
பிராசசர் போதுமுங்க. ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு போடுங்க, 75 வாட்தான். தனி பவர் வயர் கேட்காத மாடலாகப் பார்த்து வாங்கோணும். ஆர்எக்ஸ் 6400 கார்டு வேண்டவே வேண்டாம். அதற்கு நான்கு லேன் (போர்டோடு தகவல் போய்வரும் பாதை) மட்டுமே, பழைய போர்டில் வேகம் விழுந்துவிடும். அப்புறம் ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான ஒரு சாட்டா எஸ்எஸ்டி.

ஈரோடு:
ராம் ஒற்றைக் குச்சியா? இன்னொன்று சேர்த்தால் டூயல் சேனல் கிடைக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். டிடிஆர்4 வாங்கிவிடாதீங்க, பொருந்தாது.

பெருந்துறை:
ஒற்றைதானுங்க. பக்கத்தில் தறி ஓடுகிறது, மின்சாரம் ஏறி இறங்கும்.

கோவை:
அப்படியென்றால் கார்டுக்கு முன்னால் நல்ல பவர் சப்ளை, யுபிஎஸ் இரண்டும் வாங்குங்க.