கலுங்கு ஓடை எந்த வழியாகப் போனது?

ஊர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

ஊருக்குத் தோரண வளைவு கட்ட வசூல் செய்வது பற்றிப் பேச்சு நடக்கிறது. அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் ஊருக்குப் போனபோது கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கைப் பார்த்தேன். அதன்மேல் வரிசையாக நட்ட குத்துக்கல்லே தெரியவில்லை, அவ்வளவு சீமைக்கருவேலம். அந்தத் தண்ணீர் போகும் மறுகால் ஓடையைக் காணோம். அங்கே பிளாட் கல் நட்டிருக்கிறார்கள். மனசு பதறிவிட்டது.

1977 புயலின்போது எனக்கு ஒன்பது வயது. தீபாவளி முடிந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. நவம்பர் 12 விடியுமுன் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறி, தஞ்சாவூர், திருச்சி என்று அடித்துக்கொண்டே நம் பக்கம் வந்தது. வேடசந்தூரில் குடகனாறு அணை உடைந்ததும் அந்த மழையில்தான். அப்போது அதுவும் மதுரை மாவட்டம்.

அந்த வருடம் தண்ணீர் கூடுதலாக நிற்கட்டும் என்று குத்துக்கல்லுக்கு இடையே புல்கரணையும் (புல்லோடு வெட்டிய மண்கட்டி) மண்ணும் வைத்து அடைத்திருந்தார்கள். இருட்டியபின் கரை உச்சிக்கு ஒரு முழம்தான் பாக்கி. நண்டு வளை வழியாகக் கரை கசிய ஆரம்பித்தது. வைக்கோலையும் மண் மூட்டையையும் போட்டார்கள், நிற்கவில்லை. கரை போனால் கீழத்தெரு முழுக்கப் போய்விடும். அடைப்பை எடுத்தால் கலுங்கடி வயல் அத்தனையும் முங்கும்.

எங்களுக்கும் அங்கே ஒரு ஏக்கர் நெல். அப்பாதான் முதலில் கடப்பாரையோடு இறங்கினார். "என் வயலு போனாப் போகுது, தட்டி விடுங்கப்பா" என்றார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. விடிந்தபோது வயல் மேல் மணல் மேடு. கீழத்தெருவில் சுவர்கள் சரிந்திருந்தன, ஆனால் உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. பெண்கள் பிள்ளையார் கோயில் திண்ணையில் எல்லோருக்கும் கேப்பைக் கூழ் காய்ச்சினார்கள்.

அன்று தண்ணீர் இறங்க ஓடை இருந்தது. இன்று மறுகால் பாய்ந்தால் எங்கே போகும்? இப்போதைக்கு வளைவைத் தள்ளிவைத்து, அந்தப் பணத்தில் கலுங்கைச் சுத்தம் செய்து ஓடையை அளக்கலாம் என்பது என் வேண்டுகோள். விஏஓ அலுவலகத்தில், நில எல்லைகளைக் காட்டும் புலப்படம் கேட்டிருக்கிறோம்.

அந்த ராத்திரி கரையில் நின்ற அண்ணன்மார், அக்காமார் யாராக இருந்தாலும், ஓடை எந்த வயலை ஒட்டி, எந்தப் புளியமரத்தைச் சுற்றிப் போனது என்று நினைவில் இருப்பதை எழுதுங்கள். ஐப்பசிக்கு முன் கிராமசபையில் வைக்கவேண்டும்.