பின்னாடி 2.4 டயராம், அதுவும் ஜனவரியிலயாம்!

ஒத்தகியர்: நேத்து ஒருத்தர் இங்க "இங்கிலாந்து சர்ரே ஹில்ஸ்ல குளிர்காலத்துக்கு ஹார்ட்டெயில்ல (பின்னாடி சஸ்பென்ஷன் இல்லாத மலை சைக்கிள்) முன்னாடி பின்னாடி ரெண்டும் 2.4 இன்ச் டயர் போடுங்க, அகலம் இருந்தாத்தான் கிரிப்"னு அள்ளி விட்டிருந்தார். யாருங்க இவருக்கு சைக்கிள் வித்தது? போன ஞாயிறு லீத் ஹில்லுக்குத் தெக்கால களிமண்ணுல இறங்கினேன், பின்னாடி 2.4, செயின்ஸ்டேக்கும் (பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் போற ஃப்ரேம் குழாய்) டயருக்கும் நடுவுல ஒரு விரல் நுழையல, பத்தே நிமிஷம், பின்சக்கரம் சுத்தவே இல்ல, குச்சிய வச்சு நோண்டி நோண்டிப் பாத்துட்டு கடைசில தோள்ல தூக்கிட்டு வந்தேன்.

சேத்துக்கெண்டை: அந்த ஒருத்தர் நான்தான், பேரைச் சொல்லியே திட்டுங்கண்ணே. மேஜிக் மேரி டயர் 2.4, காத்து 20 பிஎஸ்ஐ, பக்கத்து மலை ஹோம்பரில மூணு வருஷமா ஓட்டறேன். ஒரு தடவ கூட சிக்கல.

ஒத்தகியர்: ஹோம்பரி மணல்யா! தண்ணி வடிஞ்சிரும். அங்க தள்ளுவண்டி கூட ஓடும். களில வாங்க, 2.4ஓட.

கிராய்டன்_பெடியன்: முதல்ல சேறு எண்டு எதைச் சொல்லுறியள்? தண்ணிச் சேறெண்டால் ஒல்லி ரயர் கீழ போய்க் கெட்டி மண்ணைப் பிடிக்கும், ஒட்டுற களியெண்டால் இடைவெளிதான் முக்கியம்.

சேத்துக்கெண்டை: அதென்ன "ரயர்"? டயர்னு எழுதத் தெரியாதா?

கிராய்டன்_பெடியன்: எங்கட ஊரில ரயர்தான். நீர் ஜெட் வாஷை நேரா பின் ஹப்பில பிடிச்சு பேரிங்கைத் துருப்பிடிக்க வச்ச ஆள், எனக்குத் தமிழ் படிப்பிக்கிறீர்.

சேத்துக்கெண்டை: அது போன வருஷக் கதை.

ஒத்தகியர்: எல்லாம் இருக்கட்டும், 2.4க்கு பதில் வரல. முன்னாடி 2.4 போடு, நான் வேணாங்கல, ஃபோர்க்ல இடம் இருக்கு. பின்னாடி 2.2க்கு மேல போனா களி அடைக்கும். நான் கியர் மாத்தற டெரெய்லரே வேணாம்னு கழட்டி எறிஞ்சிட்டு ஒரே கியர்ல ஓட்டறவன், அடைக்கிறதுக்கு அங்க டயர் மட்டும்தான் மிச்சம், அதுவே அடைச்சுது.

புதுசு87: அண்ணா நான் இன்னும் சைக்கிளே வாங்கல, எந்த ஃப்ரேம் பாக்கட்டும்?

சேத்துக்கெண்டை: தம்பி, ஒரே கியர்காரர் பேச்சைக் கேட்டா ஏத்தம் பூரா தள்ளிட்டுத்தான் போவே. பீஸ்லேக்ல என்கிட்ட வாங்கின பம்ப்பையே இன்னும் திருப்பித் தரல இவரு.

ஒத்தகியர்: பம்ப் கதைய விடுங்க. இப்பவே கொல்லைப்பக்கம் போய் உங்க 2.4க்கும் செயின்ஸ்டேக்கும் நடுவுல விரல விட்டுப் பாருங்க. நுழையுதா?

சேத்துக்கெண்டை: நுழையுது.

ஒத்தகியர்: எந்த விரல்?