ஈரப்பலாக்காய்ப் பால்கறி குழைந்து இனிக்கிறது, அவசர உதவி வேண்டும்

பனிக்குருவி (மாலை 3.40)
ஈரப்பலாக்காயில் (கடையில் breadfruit என்று விற்பது) பால்கறி வைத்தேன். களி மாதிரிக் குழைந்துவிட்டது, இனிப்பாக வேறு இருக்கிறது. அம்மம்மா வைக்கிற மாதிரியேதான் வைத்தேன். ஏழு மணிக்கு ஆட்கள் வருகிறார்கள். எங்கே பிழை விட்டேன்? இன்னும் பாதிக்காய் மிச்சம் இருக்கிறது, அதையாவது காப்பாற்ற வேண்டும்.

அடுப்படி அக்கா (3.48)
தங்கச்சி, காய் எங்கே வாங்கினது? எத்தனை நாள் வீட்டில் இருந்தது? தோல் பச்சையா, மஞ்சளா? எவ்வளவு நேரம் அவித்தீர்கள்? இதெல்லாம் தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

தேங்காய்ப்பூ (3.55)
எனக்குத் தேங்காய்ப்பாலில்தான் சந்தேகம். டின்னில் வருவதில் சீனி போட்ட ஒரு வகை இருக்கிறது, கேக்குக்கும் குடிவகைக்கும் விடுவது. டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நான் ஒருமுறை அதை விட்டு இறால் கறியையே பாயாசம் ஆக்கியிருக்கிறேன்.

மூத்த சமையலாளர் (4.02)
ஈரப்பலா பற்றி இங்கே பலமுறை விளக்கமாக எழுதிவிட்டேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். பிஞ்சு, முற்றிய காய், பழம் என்று அதில் மூன்று நிலை உண்டு. பிஞ்சில் பால் அதிகம், கத்தியில் ஒட்டும். கறிக்கு முற்றிய காய்தான் வேண்டும்: தோல் பச்சையாகவோ சற்று மஞ்சள் கலந்த பச்சையாகவோ இருக்கும், முட்கள் தட்டையாகிக் கட்டங்கள் விரிந்திருக்கும், பால் கசிந்து தோலில் காய்ந்திருக்கும். அழுத்தினால் கல் மாதிரி இருக்கவேண்டும். அடிப்படையே தெரியாமல் அடுப்பில் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

அடுப்படி அக்கா (4.06)
ஐயா, பிள்ளைக்கு ஏழு மணிக்கு ஆட்கள் வருகிறார்கள். பாடம் பிறகு நடத்தலாம்.

பனிக்குருவி (4.15)
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதாமல் விட்டுவிட்டேன். நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். சனிக்கிழமை ஒரு கரீபியன் கடையில் வாங்கினேன், இன்று செவ்வாய். குளிர்ப்பெட்டியில் வைத்தால் கறுத்துவிடும் என்று மேசையிலேயே வைத்திருந்தேன். தோல் மஞ்சளும் மண்ணிறமுமாக இருந்தது, அழுத்தினால் அமுங்கியது. பழுத்தால் சுவை கூடும் என்று நினைத்தேன். டின்னில் சீனி இல்லை. இன்னொரு விஷயம், வருகிற மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. சோற்றுக்குப் பதிலாக இதைக் கொடுக்கலாம் என்றுதான் சமைத்தேன்.

அடுப்படி அக்கா (4.21)
சரி, உங்கள் கையில் பிழை இல்லை. அது காய் அல்ல, பழம். பறித்து ஒன்று முதல் மூன்று நாளில் அது பழுத்துவிடும். உள்ளே இருக்கிற மாச்சத்து சீனியாக மாறும், சதை இளகும். அதனால்தான் குழைந்தது, இனித்தது. வைத்த கறியில் இனி இனிப்பை எடுக்க முடியாது. உறைப்பைக் கூட்டி, அடுப்பை அணைத்துத் தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளி விட்டால் ஓரளவு தாங்கும். மிச்சப் பாதியை மசித்து, கோதுமை மாவும் கொஞ்சம் உப்பும் சேர்த்து, உருண்டையாக எண்ணெயில் பொரித்து வாய்ப்பன் சுடுங்கள். வாழைப்பழம் போடுகிற இடத்தில் இது. சீனி போட்டுவிடாதீர்கள்.

நாஞ்சில் மகள் (4.30)
நாங்கள் இதைச் சீமைச்சக்கை என்போம். எங்கள் வீட்டில் தேங்காயை வறுத்து அரைத்துத் தீயல்தான் வைப்போம். பால் விட்டால் காயின் மணமே தெரியாமல் போய்விடும்.

தேங்காய்ப்பூ (4.34)
பால் விடாமல் ஈரப்பலாவா? வறுத்த தேங்காயில்தான் மணம் போகும். ரம்பை இலையும் (pandan) கறிவேப்பிலையும் போட்டு, கடைசியாக முதற்பால் விட்டு இறக்கிப் பாருங்கள்.

நாஞ்சில் மகள் (4.39)
ரம்பை போட்டால் ரம்பைதான் மணக்கும், சக்கை இல்லை. ஒருமுறை தீயல் சாப்பிட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

மூத்த சமையலாளர் (4.47)
பெயரைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். சீமை என்றால் கடல் கடந்து வந்தது. பசிபிக் தீவுகளின் மரம் இது. கரீபியனில் அடிமைகளாக வேலை செய்தவர்களுக்கு மலிவான உணவு வேண்டும் என்பதற்காக பிளை என்ற ஆங்கிலக் கப்பல் தலைவன் தஹிதியிலிருந்து கன்றுகளை ஏற்றினான். 1789இல் பௌண்டி கப்பலில் கலகம் நடந்து கன்றுகள் கடலில் வீசப்பட்டன. இரண்டாவது பயணத்தில், 1793இல், செயின்ட் வின்சென்டுக்கும் ஜமைக்காவுக்கும் கொண்டு சேர்த்தான். கரீபியன் கடையில் இந்தக் காய் கிடைப்பது அதனால்தான். அவர்கள் முழுக்காயைத் தணலில் சுடுவார்கள். தோல் கரியானதும் உரித்தால் ரொட்டி மணம் வரும்.

வெள்ளவத்தை வாசி (4.58)
சர்க்கரை வியாதிக்காரர் இதை எவ்வளவும் சாப்பிடலாம். என் சித்தப்பா பத்து வருடமாகச் சாப்பிடுகிறார்.

மருந்தக மைதிலி (5.06)
தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். பச்சைக்காய் 100 கிராமில் மாச்சத்து சுமார் 27 கிராம், வெந்த வெள்ளைச் சோற்றில் சுமார் 28 கிராம். ஏறத்தாழ ஒன்றுதான். நார்ச்சத்துதான் வித்தியாசம்: இதில் 5 கிராமுக்குக் கிட்ட, சோற்றில் 1 கிராம்கூட இல்லை. அதனால் சோற்றுக்குப் பதிலாக அளவோடு என்றால் நல்ல யோசனை, சோற்றோடு சேர்த்துக் கறியாக என்றால் இரட்டிப்பு. பனிக்குருவி, உங்களுடையது பழுத்தது, சீனி ஏறியிருக்கும். இன்று மாமாவுக்கு வேறு ஏதாவது வையுங்கள். பொட்டாசியமும் 100 கிராமில் 490 மில்லிகிராம் இருக்கிறது. மாமாவுக்குச் சிறுநீரகப் பிரச்சினையும் உண்டா?

வெள்ளவத்தை வாசி (5.12)
சித்தப்பா கறியாக மட்டும்தான் சாப்பிடுவார், அளவும் குறைவு. அதை எழுதியிருக்க வேண்டும்.

அடுப்படி அக்கா (5.15)
அடுத்த முறைக்கு: கல் மாதிரிக் காயாகப் பார்த்து வாங்கி, அன்றே தோல் சீவி, நடுத்தண்டை எடுத்துத் துண்டாக்கி, அரை அவியல் அவித்து உறைபெட்டியில் வையுங்கள். ஒருநாள் தாமதம் என்றால் முழுக்காயைத் தண்ணீரில் அமிழ்த்தி வைக்கலாம், பழுப்பது மெதுவாகும்.

நாஞ்சில் மகள் (5.31)
உறைபெட்டித் துண்டில் தீயல் வைத்தாலும் நன்றாக வரும். பால்கறி வைத்தால் கரையும்.

தேங்காய்ப்பூ (5.33)
கரையாது. மாதத்துக்கு இரண்டு முறை வைக்கிறேன்.

பனிக்குருவி (இரவு 11.20)
வாய்ப்பன் சுட்டேன், பிள்ளைகள் ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. மாமாவுக்குக் குரக்கன் (கேழ்வரகு) பிட்டும் மீன்குழம்பும். சிறுநீரகப் பிரச்சினை இல்லையாம், கேட்டேன். அக்காவுக்கும் மைதிலிக்கும் நன்றி. சனிக்கிழமை வேறு காய் வாங்குவேன்.

நாஞ்சில் மகள் (11.42)
அப்போ தீயலுக்கு அளவு எழுதட்டுமா?