அம்மாவின் கையில் இருந்த கரண்டி

அப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய். முதலில் காட்டிய இடத்தில் 'பாப்பம், பாப்பம்' என்றே மாதங்கள் போயின, யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கடைசி நான்கு நாளும் மட்டக்களப்பில் ஒரு ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தார். அங்கே இரவு டியூட்டியில் இருந்த தாதி, எங்கள் பேச்சில் மிஸ்ஸி, அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

மூன்றாம் நாள் அப்பாவுக்கு விழுங்க ஏலாமல் போய்விட்டது. அம்மா களுவாஞ்சிக்குடியில் இருந்து இளநீர் கொண்டு வந்து, "ஒரு வாயாவது குடிக்காம எப்பிடி மிஸ்ஸி?" என்று கரண்டியோடு நிற்கிறார். ஊற்றினால் புரைக்கேறிவிடும். மிஸ்ஸி கரண்டியைப் பறிக்கவில்லை, சத்தம் போடவுமில்லை. அம்மாவின் தோளில் கை வைத்து, "இவ்வளவு நாளும் உங்கட கையாலதானே சாப்பிட்டவர்" என்றார். பிறகு ஒரு சின்னத் துணித்துண்டை அந்த இளநீரிலேயே நனைத்து, நன்றாகப் பிழிந்து அம்மாவிடம் கொடுத்தார். "இதால உதட்டைத் தொட்டுத் தொட்டு விடுங்க அம்மா, வாய் காயாது." விடியும் வரை அம்மா அதைத்தான் செய்துகொண்டிருந்தார். கரண்டி மேசையில் கிடந்தது.

அன்றிரவே அப்பாவின் தொண்டையில் கறகறவென்று சத்தம் தொடங்கியது. மூச்சுத் திணறுகிறது என்று ஓடினேன். எச்சிலை விழுங்க முடியாமல் தேங்குவதால் வரும் சத்தம் அது, கேட்கிற எங்களுக்குத்தான் கஷ்டம், பெரும்பாலும் அவருக்கு அது தெரியாது என்று மிஸ்ஸி விளக்கி, அப்பாவை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்தார். சத்தம் கொஞ்சம் தணிந்தது. அப்புறம் என்னைப் பார்த்து, "இனிக் கனநேரம் இல்ல தம்பி. சொல்ல இருக்கிறதச் சொல்லுங்க, காது கேக்கும்" என்றார். அத்தனை மாதத்தில் எங்களிடம் நேராகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

ஆறுதலுக்குச் சொன்னார் என்றே நினைத்திருந்தேன். பிறகுதான் வாசித்தேன்: கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாகும் தறுவாயில் நினைவிழந்து கிடந்தவர்களின் மூளை மின்னலைகளைப் பதிந்து 2020 இல் வெளியிட்டிருக்கிறார்கள். சிலரது மூளை கடைசி மணித்தியாலங்களிலும் ஒலிக்கு எதிர்வினை காட்டியிருக்கிறது. விளங்கியதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாதாம். பரவாயில்லை. வயலைப் பற்றி, தங்கச்சியைப் பற்றி, நான் அவரோடு பேசாமல் இருந்த அந்த இரண்டு வருடத்தைப் பற்றி, எல்லாம் அப்பாவின் காதில் சொல்லிவிட்டேன்.

விடியப்புறம் அப்பா போய்விட்டார். மிஸ்ஸி குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றதைக் கண்டேன், கண் சிவந்திருந்தது. துடைத்துக்கொண்டு நேரே பக்கத்துக் கட்டிலுக்குப் போனார். அங்கே அக்கரைப்பற்று வாப்பா ஒருவர், அவருக்கும் கடைசி நேரம். அவருடைய மகனிடம் மிஸ்ஸி தொழுகைத் திசையை மெதுவாகக் கேட்டார்: "கிப்லா எந்தப் பக்கம் தம்பி? கட்டிலைத் திருப்புவம், ஒரு கை பிடிங்க."